பழைய ஃபோர் வீல் பிக்அப்பை உயர்த்திப் பெரிய டயர் மாட்டுவது: டெல்டா மண்ணுக்கான முழுமையான வழிகாட்டி

சம்பா அறுவடை நடக்கும் தை, மாசி மாதங்களில் மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி வரையுள்ள வயல் பாதைகளைப் பார்த்தவர்களுக்கு, பிக்அப் வண்டியை ஏன் உயர்த்த நினைக்கிறார்கள் என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. பெல்ட் அறுவடை இயந்திரமும் நெல் ஏற்றிய டிராக்டர் டிப்பரும் போய்வந்த தடங்கள் ஆழமாகப் பதிந்து, நடுவில் களிமண் மேடாக இறுகி நிற்கும். பிக்அப்பின் சக்கரங்கள் அந்தத் தடத்துக்குள் இறங்கியதும் பின் ஆக்சிலின் கிரவுன் ஹவுசிங் (ஆக்சிலின் நடுவே பல்சக்கரங்களை மூடியிருக்கும் உருண்டைக் கூடு) நடுமேட்டில் போய் அமர்ந்துகொள்கிறது. அதன்பிறகு நான்கு சக்கரத்துக்கும் இழுவை இருந்தும் பயனில்லை. சக்கரங்கள் சுழலும், வண்டி நகராது. பொலேரோ கேம்பர், ஸ்கார்ப்பியோ கெட்அவே, டாடா ஸீனான் ஆகியவற்றின் ஃபோர் வீல் வகைகளைப் பழையதாக வாங்கி இப்பகுதியில் ஓட்டுகிறவர்கள் பலருக்கும் இது தெரிந்த தொல்லைதான். அதைத் தீர்க்கும் வேலையை எந்த வரிசையில் செய்ய வேண்டும், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதை இங்கே முழுமையாக எழுதுகிறேன்.

உயரம் எங்கிருந்து கிடைக்கிறது

வேலையைத் தொடங்குவதற்கு முன் ஒரு விஷயம் தெளிவாக இருக்க வேண்டும். பட்டையையோ (தகடுகளை அடுக்கிச் செய்த ஸ்பிரிங்) காயில் ஸ்பிரிங்கையோ மாற்றி வண்டியை உயர்த்தும்போது மேலே எழுவது சேசிஸும் (வண்டியின் அடிச்சட்டம்) அதன்மேல் உள்ள உடலும் மட்டுமே. கிரவுன் ஹவுசிங் இருந்த இடத்திலேயே இருக்கும். அதைத் தரையிலிருந்து உயர்த்துவது டயர் ஒன்றுதான். முன்புறம் தனித்தனியாக இயங்கும் சஸ்பென்ஷன் உள்ள வண்டிகளில் முன் டிஃபரென்ஷியல் (முன் ஆக்சிலின் பல்சக்கரப் பெட்டி) சேசிஸோடு பிணைந்திருப்பதால் அது மட்டும் சேர்ந்து உயரும். ஆகவே சஸ்பென்ஷனை உயர்த்துவதன் முதன்மையான பயன், பெரிய டயர் மட்கார்டில் உரசாமல் சுழல இடம் உண்டாக்குவதே. முதலில் டயரை முடிவு செய்து, அந்த டயருக்கு எவ்வளவு இடம் தேவையோ அவ்வளவு மட்டும் உயர்த்துவதே சரியான வரிசை. நான்கு அங்குலம் உயர்த்தும் கிட்டை (உதிரிபாகத் தொகுப்பு) முதலில் வாங்கிவிட்டு அதற்கேற்ற டயரைத் தேடுவது செலவையும் ஆபத்தையும் சேர்த்தே கொண்டுவரும்.

டயரின் உயரத்தை அதன் பக்கத்தில் உள்ள எண்களிலிருந்தே கணக்கிடலாம். 215/75 ஆர் 15 என்றால் அகலம் 215 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அதில் 75 சதவீதம், அதாவது சுமார் 161 மில்லிமீட்டர். ரிம் 15 அங்குலம், அதாவது 381 மில்லிமீட்டர். பக்கச் சுவரை இரண்டு முறை கூட்டி ரிம்மையும் சேர்த்தால் மொத்தம் சுமார் 703 மில்லிமீட்டர். இதற்குப் பதிலாக 235/75 ஆர் 15 மாட்டினால் 733 மில்லிமீட்டர். வேறுபாடு 30 மில்லிமீட்டர். அதில் பாதிதான், அதாவது 15 மில்லிமீட்டர்தான், ஹவுசிங் உயரும். 31 அங்குல டயருக்குப் போனால் மொத்த உயரம் 787 மில்லிமீட்டர், ஹவுசிங்குக்குக் கிடைப்பது 42 மில்லிமீட்டர். 16 அங்குல ரிம் உள்ள வண்டியில் 235/70 மாட்டியிருந்தால் 735 மில்லிமீட்டர். 245/75 மாட்டினால் 774 மில்லிமீட்டர். உயர்வு 19 மில்லிமீட்டர். இந்த எண்கள் சிறியவையாகத் தோன்றலாம். ஆனால் காய்ந்துகொண்டிருக்கும் களிமண் மேட்டில் இரண்டு விரற்கடை இடைவெளி என்பது வண்டி கடந்து செல்வதற்கும் மேட்டில் தொற்றி நிற்பதற்கும் உள்ள வேறுபாடு.

அகலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நடவு வயலின் சேற்றுக்கு அடியில், ஆண்டாண்டாக உழுததால் இறுகிய அடுக்கு ஒன்று இருக்கும். வயலோரப் பாதைகளிலும் பெரும்பாலும் மேலே வழுக்கும் வண்டல், கீழே கெட்டித் தரை என்ற அமைப்பே உண்டு. இந்த இடங்களில் உயரமான, அகலம் குறைந்த டயர் சேற்றை வெட்டிக்கொண்டு கெட்டித் தரையைப் பிடிக்கும். அகலமான டயர் மேலேயே வழுக்கும். வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கத்து மணலில் நிலைமை நேர்மாறு. அங்கே அகலமும் குறைந்த காற்றழுத்தமும் உதவும். எனவே வண்டி பெரும்பாலும் ஓடும் மண் எது என்று பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். வயலும் தார்ச்சாலையும் கலந்து ஓடுகிறவர்களுக்கு ஏ.டி. (எல்லாத் தரைக்குமான ஆல் டெரெய்ன்) வகை டயரே போதுமானது. எம்.டி. (சேற்றுக்கான மட் டெரெய்ன்) வகையின் அகன்ற பள்ளங்கள் களிமண்ணைத் தாமே உதறிவிடும் என்பது உண்மைதான். ஆனால் மழையில் நனைந்த தார்ச்சாலையில் அவற்றின் பிடிப்பு குறைவு, இரைச்சலும் அதிகம். எந்த வகையானாலும், டயரின் சுமைக் குறியீடு பழைய டயரைவிடக் குறைந்ததாக இருக்கவே கூடாது.

சட்டமும் காப்பீடும்

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் திருத்தச் சட்டத்தில் சேர்ந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆகவே பொதுச்சாலையில் ஓடும் வண்டியில், அதே மாடலின் ஏதாவதொரு வகைக்கு உற்பத்தியாளரே அங்கீகரித்த டயர் அளவுக்குள் நிற்பது நல்லது; உயர்த்தும் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்து, பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். சரக்கு வாகனமாகப் பதிவான பிக்அப்புக்கு எட்டு ஆண்டுக்குப் பின் ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்க வேண்டும் என்பதால், அனுமதியில்லாத மாற்றம் அங்கே கட்டாயம் கேள்விக்கு உள்ளாகும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்துவிட்டால் விபத்து நேரத்தில் இழப்பீடு மறுக்கப்பட அதுவே காரணமாகிவிடும்.

உயர்த்துவதற்கு முன் சோதனை

பழைய வண்டியில் இந்தக் கட்டத்தைத் தவிர்க்கவே முடியாது. உயர்த்திய சஸ்பென்ஷனில் ஒவ்வொரு மூட்டும் பழைய கோணத்தைவிடக் கடினமான கோணத்தில் வேலை செய்யும். ஏற்கெனவே தேய்ந்த பால் ஜாயிண்ட் (பந்து மூட்டு) அதைத் தாங்காது. வண்டியை நன்றாகக் கழுவிக் காயவிட்டு, சேசிஸில் பட்டை மாட்டும் ஹேங்கர்களையும் ஷேக்கிள் (பட்டையின் ஒரு முனையைச் சேசிஸோடு சேர்க்கும் ஆடும் இணைப்பு) தாங்கிகளையும் சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்ற ஒலி வந்தால் இரும்பு நன்றாக உள்ளது; மந்தமான ஒலியோடு துரு செதிலாக உதிர்ந்தால், அந்த இடத்தை வெட்டிப் புதிய தகடு வைத்துப் பற்றவைக்காமல் மேலே எதுவும் செய்யக் கூடாது. நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோர ஊர்களில் ஓடிய வண்டிகளிலும் உப்பளத்துக்குப் போய்வந்த வண்டிகளிலும் இந்தத் துரு வெளியே தெரியாமல் உட்புறமாகப் பரவியிருக்கும். அப்படிப்பட்ட வண்டியை வாங்குவதற்கு முன்பே குழியில் நிறுத்திப் பார்த்துவிடுவது மேல்.

பட்டைகளில் விரிசல், சென்டர் போல்ட் நகர்ந்த அடையாளம், புஷ் நசுங்கல், டை ராடு எண்டில் ஆட்டம், வீல் பேரிங் ஆட்டம், யூ.ஜே. கிராஸில் (இன்ஜின் சுழற்சியை ஆக்சிலுக்குக் கொண்டுசெல்லும் ஜாயிண்ட் ஷாஃப்ட்டின் சிலுவை மூட்டு) இடைவெளி, ஸ்டீயரிங் பாக்ஸில் கசிவு ஆகிய அனைத்தையும் பார்த்து, தேய்ந்தவற்றை முதலில் மாற்றிவிட வேண்டும். பல வண்டிகளில் பின்பட்டை களைத்து வளைந்துபோயிருக்கும். புதிய பட்டை போட்டாலே தொழிற்சாலை உயரம் திரும்பி, வேறெதுவும் செய்யாமலே அடுத்த அளவு டயர் மாட்ட இடம் கிடைத்துவிடும்.

பிறகு அளவெடுக்க வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கரத்திலும் சக்கரத்தின் மையமான ஹப்பின் நடுவிலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை அளந்து எழுதி வைக்க வேண்டும். தரையிலிருந்து மட்கார்டு வரை அளந்தால் டயரின் காற்றும் தேய்மானமும் கணக்கைக் கெடுக்கும். வெறும் வண்டியாக ஒரு முறையும், வழக்கமான சுமையுடன் ஒரு முறையும் அளப்பது அவசியம். இடமும் வலமும் 10 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபட்டால் காரணத்தைக் கண்டுபிடித்த பிறகே மேலே செல்ல வேண்டும்.

பின்புறம் உயர்த்துதல்

பின்புறத்தை உயர்த்தப் பட்டறைகளில் சொல்லப்படும் வழிகள் பல. நீளமான ஷேக்கிள் போடுவது மலிவானது. ஆனால் ஷேக்கிளை எவ்வளவு நீட்டினாலும் அதில் பாதிதான் உயரமாகக் கிடைக்கும், பக்கவாட்டு ஆட்டமும் கூடும். பழைய பட்டையைச் சூடாக்கி வளைத்துத் தரும் வழக்கமும் உண்டு. உருக்குக்கு முறையான பதம் திரும்பக் கொடுக்காவிட்டால் சில மாதங்களில் அது மீண்டும் தொய்ந்துவிடும், அல்லது சுமையில் முறிந்துவிடும். ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவே இரும்பு பிளாக் வைப்பது பின்புறத்தில் மட்டும் ஏற்கத்தக்கது. முன் ஆக்சிலில் எந்த நிலையிலும் பிளாக் வைக்கக் கூடாது. ஒரு பிளாக்கின்மேல் இன்னொன்றை அடுக்குவதும் கூடாது. பிரேக் பிடிக்கும்போது ஆக்சில் உருள முயல்வதால் உயரமான பிளாக் பட்டையை எஸ் வடிவில் முறுக்கும். என் பரிந்துரை, வேண்டிய உயரத்துக்கே வளைவு கொடுத்துச் செய்த புதிய முழுப் பட்டைக் கட்டுதான். விலை கூடுதல் என்றாலும் பழைய வண்டிக்கு எப்படியும் தேவையான மாற்றம் அது.

வேலைக்கு முந்தைய நாளே எல்லா போல்ட்டுகளிலும் துரு நீக்கும் எண்ணெய் அடித்து ஊறவிட வேண்டும். அடுத்த நாள் முன்சக்கரங்களின் முன்னும் பின்னும் கட்டை வைத்து, பின் ஆக்சிலுக்கு ஜாக்கி கொடுத்து உயர்த்தி, சேசிஸின் அடியில் இருபுறமும் ஸ்டாண்டு வைத்து வண்டியை அவற்றின்மேல் அமர்த்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் படுக்கக் கூடாது. மண் தரையாக இருந்தால் ஸ்டாண்டின் கீழே தடித்த பலகை அவசியம். ஈரமான வண்டல் மண்ணில் ஸ்டாண்டின் கால்கள் மெல்ல இறங்கும். சக்கரங்களைக் கழற்றி, ஆக்சிலை ஜாக்கியில் தாங்கியபடியே ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட்டை எடுத்து, பிரேக் ஹோஸ் இழுபடாமல் பார்த்துக்கொண்டு யு போல்ட்டுகளைக் கழற்ற வேண்டும். ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொட வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கழற்றினால் ஆக்சில் உருண்டு, ஜாயிண்ட் ஷாஃப்ட்டும் ஹோஸும் சிக்கும்.

புதிய பட்டையை மாட்டும்போது சென்டர் போல்ட்டின் தலை ஆக்சில் இருக்கையின் துளையில் சரியாக அமர்ந்ததா என்று கையால் தொட்டு உறுதி செய்ய வேண்டும். யு போல்ட்டுகள் புதியவையாக இருக்க வேண்டும். ஒருமுறை இறுக்கி நீண்டவை மறுபடியும் அதே பிடியைத் தராது. குறுக்கு வரிசையில் சிறிது சிறிதாக, சர்வீஸ் மானுவலில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்க வேண்டும். ரப்பர் புஷ் உள்ள கண் போல்ட்டுகளையும் ஷேக்கிள் போல்ட்டுகளையும் அந்த நேரத்தில் இறுதியாக இறுக்கக் கூடாது. வண்டியைத் தரையில் இறக்கி, அதன் எடை பட்டையில் அமர்ந்த பிறகே இறுக்க வேண்டும். தொங்கும் நிலையிலேயே இறுக்கினால் புஷ் முறுக்கிய நிலையில் பிடிபட்டு விரைவில் கிழிந்துபோகும்.

முன்புறம்

முன்புறம் முழு ஆக்சிலும் பட்டையும் உள்ள வண்டி என்றால் முறை பின்புறத்தைப் போன்றதே. ஆனால் இங்கே காஸ்டர் கோணம் (பக்கவாட்டில் பார்க்கும்போது ஸ்டீயரிங் அச்சு சாய்ந்திருக்கும் கோணம்) மாறி, ஸ்டீயரிங் நேரே நிற்காமல் அலையத் தொடங்கலாம். ஆக்சில் இருக்கையில் ஆப்பு வடிவத் தகடு வைத்து அதைச் சரிசெய்ய வேண்டும். ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து வரும் டிராக் லிங்க் மிகச் சாய்ந்து நின்றால், பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் ஸ்டீயரிங் தானே திரும்பும். அதற்கேற்ற ஆர்ம் கிடைக்காவிட்டால் உயரத்தைக் குறைத்துக்கொள்வதே வழி.

டார்ஷன் பார் (முறுக்கினால் ஸ்பிரிங்போல் வேலை செய்யும் இரும்புத் தண்டு) உள்ள வண்டியில் வேலை எளிதாகத் தோன்றும், அதனாலேயே அளவு மீறிவிடுகிறது. பாரின் முனையில் உள்ள அட்ஜஸ்டிங் போல்ட்டைத் திருகினால் முன்புறம் உயர்ந்துவிடும். ஆனால் பாரின் விறைப்பு கூடுவதில்லை. சக்கரம் கீழே இறங்கக்கூடிய தூரத்தைத்தான் நாம் எடுத்துக்கொள்கிறோம். அளவுக்கு மீறினால் மேல் ஆர்ம் அதன் தடுப்பில் எப்போதும் மோதிக்கொண்டே இருக்கும், ஆக்சிலின் சி.வி. ஜாயிண்ட் (வளைந்தபடியே சுழலும் மூட்டு) கூர்மையான கோணத்தில் சுழன்று அதன் ரப்பர் உறையான பூட் கிழியும், உள்ளே சேறு புகும். இந்த முறையில் ஒன்று முதல் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் போக வேண்டாம். முன் சேசிஸை ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரங்களைத் தொங்கவிட்ட பிறகே போல்ட்டைத் திருக வேண்டும். பளு உள்ள நிலையில் திருகினால் மரை போய்விடும். திருகுவதற்கு முன் போல்ட்டின் நிலையைப் பெயிண்டால் குறித்துக்கொண்டு, இருபுறமும் சமமாகத் திருகி, வண்டியை இறக்கிச் சிறிது தூரம் ஓட்டி அமரவிட்டு மறுபடியும் அளக்க வேண்டும். பார்களைக் கழற்ற நேர்ந்தால் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் மாற்றி மாட்டக் கூடாது.

காயில் ஸ்பிரிங் உள்ள வண்டிக்கு அந்த மாடலுக்கென்றே செய்த ஸ்பிரிங்கையோ ஸ்பேசரையோ மட்டும் பயன்படுத்த வேண்டும். லேத்தில் கடைந்த மட்டமான அலுமினியத் துண்டுகளை நம்ப வேண்டாம்.

உயர்த்தியதால் இழுபடுபவை

மிகக் கவனம் வேண்டிய இடம் இதுதான். அவசரமாகச் செய்யும் பட்டறைகள் பெரும்பாலும் தவறவிடுவதும் இதையே. பல பிக்அப்களில் பின் ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு கம்பியால் இணைத்த லோடு சென்சிங் வால்வு இருக்கும். சேசிஸ் தாழ்ந்தால் சுமை கூடியிருக்கிறது என்று கொண்டு பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் அனுப்புவது அதன் வேலை. வண்டியை உயர்த்தியதும், முழுச் சுமை இருக்கும்போதுகூடத் சுமைத் தொட்டி காலியாக இருப்பதாக அது கருதி, பின் பிரேக்கைக் குறைத்துவிடும். 40 கிலோ நெல் மூட்டை 25 ஏற்றினாலே 1,000 கிலோ ஆகிறது. அந்தச் சுமையோடு கொள்முதல் நிலையத்துக்குப் போகும் வண்டியில் பின் பிரேக் போதிய அளவு வேலை செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆக்சில் பக்கத்துத் தாங்கியை உயர்த்திய அளவுக்கே உயர்த்தி, கம்பியின் கோணத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, பிரேக் நன்கறிந்தவரிடம் சரிபார்க்க வேண்டும்.

சக்கரங்களை முழுமையாகத் தொங்கவிட்டு, முன்புறம் ஸ்டீயரிங்கை இரு எல்லைக்கும் திருப்பி, பிரேக் ஹோஸ், ஏ.பி.எஸ். வயர், ஹேண்ட் பிரேக் கேபிள் ஆகியவை தளர்வாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஹோஸ் சற்றேனும் விறைத்து நின்றால் நீளமான ஹோஸ் போட வேண்டும். பழைய ஹோஸை எப்படியும் மாற்றிவிடுவது நல்லது. ஷாக் அப்சார்பரும் புதிய தூரத்துக்கேற்ற நீளம் உள்ளதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பட்டையின் இறக்கத்தை அதுவே பிடித்து நிறுத்தி, ஒருநாள் அதன் கண் அறுந்துவிடும். பம்ப் ஸ்டாப்பும் (சஸ்பென்ஷன் அளவுக்கு மேல் அமுங்காமல் தடுக்கும் ரப்பர்) பெரிய டயர் மட்கார்டைத் தொடுவதற்கு முன்பே தடுக்கும் உயரத்தில் இருக்க வேண்டும்.

ஜாயிண்ட் ஷாஃப்ட்டின் கோணத்தைக் கோணமானியால் அளக்க வேண்டும். இரு முனையிலும் ஒற்றை கிராஸ் உள்ள ஷாஃப்ட்டில், டிரான்ஸ்ஃபர் கேஸின் (சுழற்சியை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரிக்கும் பெட்டி) வெளியீட்டு அச்சும் கிரவுன் பினியனின் (கிரவுன் ஹவுசிங்குக்குள் சுழற்சியைக் கொண்டுசெல்லும் பல்சக்கரம்) அச்சும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். மாறியிருந்தால் குறிப்பிட்ட வேகத்தில் வண்டி அதிரும், கிராஸ் விரைவில் போகும். பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே ஆப்புத் தகடு வைத்து இதைச் சரிசெய்யலாம். ஆக்சில் தொங்கும்போது ஷாஃப்ட்டின் ஸ்லிப் ஜாயிண்ட் (நீண்டு சுருங்கும் இணைப்பு) போதுமான அளவு உள்ளே பிடித்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். டிஃபரென்ஷியலின் பிரீதர் (காற்றுப் போக்கி) குழாயை நீட்டி உயரமான இடத்தில் கட்டிவிடுவதும் இப்போதே செய்யத்தக்கது. சூடான ஹவுசிங் வாய்க்கால் தண்ணீரில் இறங்கியதும் குளிர்ந்து, தாழ்வான பிரீதர் வழியாக நீரை உள்ளே இழுத்துவிடும்.

டயர் மாட்டிச் சோதித்தல்

நான்கு சக்கரத்திலும் ஒரே அளவு, ஒரே அளவு தேய்ந்த டயர்கள் இருக்க வேண்டும். ஸ்டெப்னியும் அதே அளவுதான். அளவு வேறுபட்டால் ஃபோர் வீல் போட்டதும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும். டயரை மாட்டிய பின், ஒரு முன்சக்கரத்தை உறுதியான சரிவுப் பலகையில் ஏற்றி அந்தப் பக்கத்து சஸ்பென்ஷனை அமுக்கி, ஸ்டீயரிங்கை முழுவதும் இருபுறமும் திருப்பி உரசலைப் பார்க்க வேண்டும். அமுங்கிய நிலையிலும் சுற்றிலும் 20 முதல் 25 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும் என்பேன். நம் வண்டல் களிமண் டயரோடு ஒட்டிச் சுழன்று மட்கார்டுக்குள் அப்பிக்கொள்ளும். உலர்ந்த பட்டறையில் உரசாத டயர், ஐப்பசி மழையில் அந்தச் சேற்றிலேயே இறுகி நின்றுவிடும்.

அதன்பின் வீல் அலைன்மெண்ட் செய்து, டோ, கேம்பர், காஸ்டர் ஆகிய மூன்று சக்கரக் கோணங்களும் மானுவலின் எல்லைக்குள் வந்ததை அச்சிட்ட தாளில் பெற்றுக்கொள்ள வேண்டும். முகப்பு விளக்கைத் தாழ்த்திச் சரிசெய்யாவிட்டால் ஆற்றங்கரைச் சாலையில் எதிரே வருபவரின் கண் கூசும். ஸ்பீடோமீட்டர் இனிக் குறைத்தே காட்டும்: 735 மில்லிமீட்டரிலிருந்து 774 மில்லிமீட்டருக்கு மாறினால், முள் 60 காட்டும்போது உண்மை வேகம் 63. கியரும் அதே விகிதத்தில் கனத்துவிடுவதால், சுமையோடு கரையேறும்போது கிளட்சை வாட்டாமல் லோ ரேஞ்சைப் (டிரான்ஸ்ஃபர் கேஸின் தாழ்ந்த கியர்) பயன்படுத்த வேண்டும். 31 அங்குலத்துக்குப் போய் இழுவை போதவில்லை என்று கிரவுன் பினியனை மாற்றுபவர்கள், முன்னும் பின்னும் ஒரே விகிதம் உள்ள பினியனைத்தான் போட வேண்டும்.

முதல் ஓட்டம் காலி வண்டியாக, ஆளில்லாத நேரான சாலையில், குறைந்த வேகத்தில் இருக்கட்டும். பிரேக்கைப் படிப்படியாக அழுத்தி, வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பார்த்த பிறகே சுமை ஏற்ற வேண்டும். உயர்த்தியதால் வண்டியின் சுமைத் திறன் ஒரு கிலோகூடக் கூடுவதில்லை. புவியீர்ப்பு மையம்தான் மேலே போயிருக்கிறது. வெண்ணாறு, கோரையாறு போன்ற ஆற்றங்கரைகளின் ஒடுங்கிய பாதையில் பேருந்துக்கு வழிவிட ஓரம் ஒதுங்கும்போது, சரிவில் ஒரு பக்கச் சக்கரங்களை இறக்கும் பழைய பழக்கத்தை விட்டுவிட வேண்டும். சேற்றுக்காக டயரின் காற்றைக் குறைத்திருந்தால், தார்ச்சாலை ஏறுவதற்கு முன்பே நிரப்பிவிட வேண்டும்.

சக்கர நட்டுகளை 50 கிலோமீட்டரிலும், யு போல்ட்டுகளை 100 கிலோமீட்டரிலும் மறுபடி 500 கிலோமீட்டரிலும் டார்க் ரெஞ்சால் சரிபார்க்க வேண்டும். ஹப் உயர நீரில் இறங்கி ஏறிய ஒவ்வொரு முறையும் கிராஸ்களுக்குக் கிரீஸ் அடித்து, இரு டிஃபரென்ஷியல்களின் ஆயிலையும் திறந்து பார்க்க வேண்டும். ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்துவிட்டது என்று பொருள், அன்றே வடித்துப் புதிய ஆயில் ஊற்ற வேண்டும்.